முக்கோண எஞ்சினுக்கு நான் கலந்த ஸ்பிரிட்

திண்டிவனத்தில் என் ஷெட்டை நானே கட்டினேன். கூரைக்குப் போட்ட தகரம், இடித்துப் போட்ட ஒரு நெல் மில்லில் இருந்து வந்தது. ஓட்டைகளை நானே அடைத்தேன். கிணற்றுக்குள் மூழ்கிக் கிடந்த டீசல் எஞ்சினை வெளியே தூக்கி, அதை வைத்து அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினேன். கம்பெனி ஆள் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன டிராக்டரை மறு உழவுக்குள் வயலில் இறக்கினேன். தீப்பிடித்து எலும்புக்கூடாக நின்ற பஸ்ஸை விழுப்புரம் ரூட்டில் மறுபடி ஓட வைத்தேன். படித்தது நாலாவது வரைக்கும். இங்கிலீஷில் என் கையெழுத்தைப் போடுவேன், அதோடு சரி.

இவ்வளவும் செய்தவனுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த பஸ்ஸுக்குப் பூசை போட்ட அன்று முதலாளி எல்லாரிடமும் மெட்ராஸ் கம்பெனியில் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். பிறகு தனியாகக் கேட்டேன். திண்டிவனத்தில் செய்தது என்றால் ஜனங்கள் ஏறப் பயப்படுவார்கள் என்றார். அன்றைக்கு மனதில் ஒன்று முடிவு செய்தேன். இனி ஒரு பெரிய வேலை செய்தால் அதன் மேலேயே என் ஷெட் பெயர் இருக்க வேண்டும், யாரும் வாயால் மாற்றிச் சொல்ல முடியாதபடி.

அந்தப் பெரிய வேலை எண்பதுகளின் நடுவில் ஒரு லாரியின் முதுகில் ஏறி வந்தது. சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஒரு ஜப்பான் கார். ஸ்டியரிங் இடது பக்கம். கூடவே அதன் சொந்தக்காரர், கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் திரும்பி வரும்போது டேப் ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் ரேஸ் காரைக் கொண்டுவந்தார். மெட்ராஸ் பக்கம் பழைய விமானத் திடலில் நடக்கும் ரேஸில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மேஸ்திரி என்பார்.

"மெட்ராஸ்ல ஏறாத ஷெட்டு இல்ல மேஸ்திரி. பானெட்ட தொறக்கறானுங்க, பாக்கறானுங்க, மூடிர்றானுங்க. நீயும் மூடிட்டா சொல்லிடு, இப்பிடியே லாரிய திருப்பிக்கினு போயிடறேன்."

நான் மூடவில்லை.

அந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. ஒரு கூட்டுக்குள் விலா புடைத்த முக்கோணம் ஒன்று சுற்றுகிறது, அதன் பின்னால் இன்னொன்று. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். காற்றை அடைத்து வைப்பது அந்தப் பட்டைதான். இது போதாதென்று டர்போ வேறு. வெளியே போகும் புகையே ஒரு விசிறியைச் சுற்றி, அது உள்ளே காற்றைத் திணிக்கும். டர்போவை நான் நெய்வேலிப் பக்கம் மண் வாரும் பெரிய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். முக்கோணத்தை அன்றுதான் பார்த்தேன். பயமாக இல்லை. தின்றுவிடலாம் போல இருந்தது.

நோயும் புரிந்தது. நம் ஊர் பங்க் பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பொறி விழும் முன்னாலேயே உள்ளே தானாக வெடிக்கும். நாங்கள் அதை நாக் என்போம். லாரி எஞ்சின் நூறு முறை நாக் அடித்தாலும் தாங்கிக்கொண்டு முனகும். இந்த முக்கோணத்துக்கு ஒன்றே போதும், பட்டை உடைந்து சுவரைக் கீறிவிடும். மெட்ராஸில் அப்படித்தான் உடைந்திருந்தது. பாய் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரே மாற்று செட்டை அங்கே ஒரு ஷெட்டில் மாட்டிவிட்டு, மறுபடி உடையாமல் ஓட வைக்க வழி தெரியாமல் பானெட்டை மூடிவிட்டார்கள். இனி உடைந்தால் நாட்டில் எங்கேயும் பட்டை கிடையாது. கார் கோழி அடைக்கத்தான் ஆகும்.

கூலியைப் பற்றிப் பேசும் முன்னால் நான் கேட்டது ஒன்றுதான். வண்டி ஓடினால் கதவில் என் ஷெட் பெயரையும் திண்டிவனம் என்பதையும் தமிழில் எழுத வேண்டும். பாய் சிரித்தார். "ஒரு கதவு இன்னாத்துக்கு, ரெண்டு கதவுலயும் எழுதிக்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்து சாப்பிட வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஷெட்டுக்கு வந்துவிடுவேன். டீ வாங்கி வைத்துவிட்டு அது ஆறி ஏடு கட்டும்வரை எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருவேன். மெட்ராஸ்காரர்கள் விமானப் பெட்ரோல் ஊற்று என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது யாருக்குக் கிடைக்கும்? நான் வேறு பக்கம் யோசித்தேன். இந்த எஞ்சின் சாவது சூட்டினால். உள்ளே போகிற சரக்கே குளிர்ச்சியாகப் போனால்? நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கு கரைக்கும் ஸ்பிரிட்டைக் கையில் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சில்லென்று உள்ளங்கைச் சூட்டை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். பெட்ரோல் அவ்வளவு குளிராது. அதே ஸ்பிரிட்டைப் பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு கலந்தால் காற்றுச் சூட்டை அது குடிக்கும், முந்திக்கொண்டு வெடிப்பதும் நிற்கும். இன்றைக்கு அரசாங்கமே பெட்ரோலில் எத்தனால் கலக்கிறது, பங்கில் எழுதி ஒட்டுகிறார்கள். நான் அன்றைக்கே என் உள்ளங்கையில் கண்டுபிடித்தேன்.

ஸ்பிரிட்டை விழுப்புரத்தில் பாலிஷ் சாமான் விற்கும் ஒரு கடையில் பாய் வாங்கினார். காரை அழுத்தாமல் மெதுவாக அவர் ஓட்ட, கூட நானும் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது. எங்களுக்கு அது போதும். எங்கள் பக்கத்தில் சாராயத்தை அப்படித்தான் பார்ப்பார்கள், எரிந்தால் நல்ல சரக்கு. பாய் குடிக்காத மனிதர், அவருக்கே அந்தக் கணக்கு தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அந்த நீலத்தைப் பார்த்துத் தலையாட்டினோம். பாதி தண்ணீர் கலந்தாலும் சாராயம் எரியும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

டேங்கில் கலந்து ஊற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ரோட்டில் கிளம்பினோம். கேப்பை அறுப்பு முடிந்த சமயம். கதிரை ரோட்டின் மேலேயே பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுத்துவிடும் என்று. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பரப்பலின் மேல் ஏறும்போது கார் இருமியது. இன்னொரு முறை இருமி நின்றுவிட்டது. பட்டை போய்விட்டதா?

கேப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி வந்து மோந்து பார்த்தாள்.

"இன்னா பாய், உன் வண்டிக்குக் குடிச்சிப் பழக்கமில்ல போலக்கீது."

பாய்க்குச் சிரிக்க முடியவில்லை. நான் பிளக்கைக் கழற்றிவிட்டு, செல்ஃப் மட்டும் அடிக்கச் சொல்லி, ஓட்டையில் காதை வைத்தேன். அந்த எஞ்சினுக்கு நாடி பார்ப்பது அப்படித்தான், அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முனைக்கு ஒரு புஸ். புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே அளவில் வந்தால் பட்டை உயிரோடு இருக்கிறது. ஒன்று தேய்ந்து வந்தால் முடிந்தது. மூன்றும் ஒன்றாக வந்தன. அடுத்த முக்கோணத்திலும் வந்தன. நான் எழுந்து ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

டேங்க் அடியிலிருந்து ஒரு சோடா பாட்டிலில் பிடித்தோம். மேலே பெட்ரோல், கீழே ஒரு விரல்கடை தனியாக வேறொன்று. ஸ்பிரிட்டில் இருந்த தண்ணீர் பெட்ரோலைக் கண்டதும் ஸ்பிரிட்டையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் அதைத்தான் குடித்திருந்தது.

பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து மாடத்தில் வைத்தேன். நல்ல கடையாகப் பார்த்து வேறு ஸ்பிரிட் வாங்கிக் கலந்தேன். அதுவும் பிரிந்தது, கோடு மட்டும் மெலிந்தது. எவ்வளவு நல்ல ஸ்பிரிட்டிலும் ஒரு துளி தண்ணீர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நான் பாட்டிலைக் குலுக்குவதும் வைப்பதும் மறுபடி குலுக்குவதுமாக இருந்தேன். ரேஸ் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் சம்சாரத்துக்கு மரக்காணம் பக்கம் ஊர். அங்கே கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"அத்த குலுக்கினு இருந்தா தண்ணி பூடுமா? சுட்ட கிளிஞ்சல்ல ஊத்திப் பாருங்க. எங்க ஊர்ல அது மழக்காத்துல இருக்கற தண்ணியவே குடிச்சிட்டு பொங்கிப்பூடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது, எனக்குத் தோன்றவில்லையே என்று. மறுநாளே மரக்காணத்துக்கு ஆள் அனுப்பி, சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு, தண்ணீர் படாத கிளிஞ்சலைத் தகர டின்னில் அடைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ஸ்பிரிட்டை ஒரு டிரம்மில் ஊற்றிக் கிளிஞ்சலைப் போட்டதும் டிரம் கைபொறுக்காத அளவுக்குச் சுட்டது. மூடியைத் தளர்த்திவிட்டு, ஷெட்டைச் சுற்றி ஒருவரையும் பீடி பற்றவைக்க விடாமல் காவல் காத்தேன். தெளிய நாளானது. நான் அதைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஷெட்டை விட்டே ஓடவேண்டியிருந்தது. விழுப்புரம் பஸ் ஏறி, ஜங்ஷனில் ஒரு டீ குடித்துவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். வந்ததும் நேராக டிரம்மிடம் போய் நிற்பேன்.

தெளிந்ததை மேலாக வடித்து, ஷாமாய் என்கிற மெல்லிய தோலில் வடிகட்டிப் பெட்ரோலில் கலந்தேன். பாட்டிலைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. ஒரே நீராக நின்றது.

அடுத்த சங்கடம் எண்ணெய். முக்கோணத்தின் பட்டை எண்ணெய்ப் பசை இல்லாமல் உரசினால் தேய்ந்துவிடும். ஸ்பிரிட்டோ எண்ணெயைத் துடைக்கிற ஜாதி, பாலிஷ்காரர் மரத்தை முதலில் அதைக்கொண்டு துடைப்பதே அதற்குத்தான். எஞ்சின் ஆயிலைக் கலந்து பார்த்தேன், ஸ்பிரிட்டில் ஒட்டாமல் தனியாகவே நின்றது. ஷெட்டில் இருந்த எல்லா எண்ணெயையும் பாட்டில் பாட்டிலாகப் பார்த்தேன். ஸ்பிரிட்டோடு சண்டையில்லாமல் கரைந்தது விளக்கெண்ணெய் ஒன்றுதான். அதைப் பெட்ரோலில் மட்டும் ஊற்றினால் கலங்கும், ஸ்பிரிட் நடுவில் இருந்தால் மூன்றும் ஒன்றாக நிற்கும். கண்டாச்சிபுரத்தில் செக்கில் ஆட்டிய எண்ணெயாகப் பார்த்து வாங்கினேன். தண்ணீர் விட்டுக் காய்ச்சி எடுத்ததைத் தொடவில்லை, தண்ணீரிடம் பட்டது போதும்.

பாய் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "பேதிக்குக் குடுக்கறத எஞ்சினுக்கு ஊத்தறியே மேஸ்திரி, அது எங்க போயி நிக்கும்?"

"மெட்ராஸ்ல போயி நிக்கும் பாய்."

இன்னும் இரண்டு வேலை இருந்தது. ஸ்பிரிட் பெட்ரோலைவிட பலம் குறைந்தது, அதனால் அதிகமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயில் ஒரு நெருக்கு வைத்தேன். பின்னால் அழுத்தம் ஏறி முன்னால் அதிகம் பீச்சியது. ஸ்பிரிட்டில் ஊறிக் கொழகொழத்துப் போன ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரிச் செம்புக் குழாயை வளைத்துப் போட்டேன். பிறகு விடிகிற நேரத்தில் அதே ரோட்டில் ஓட்டம். ஓட்டி நிறுத்தி பிளக்கைக் கழற்றுவோம். வெள்ளையாக இருந்தால் பட்டினி, நெருக்கைக் கூட்டுவேன். கறுப்பாக இருந்தால் தெவிட்டல், குறைப்பேன். டீத்தூள் நிறம் வந்த அன்று பாய் டர்போவை முழுசாக விட்டார். புளியமரங்கள் பின்னால் ஓடின. காருக்குப் பின்னால் ரோடு முழுக்க விளக்கெண்ணெய் வாசம். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நாக் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டியிருந்தேன். வரவில்லை. நின்றதும் ஓட்டையில் காது வைத்தேன். மூன்றும் ஒரே அளவு.

லாரிக்கு எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டு அன்றே கதவில் எழுத வைத்தேன். சிவப்பின் மேல் மஞ்சள் எழுத்து. ஷெட்டின் பெயர், அதன் கீழே திண்டிவனம். அவர் எழுதி முடிக்கும்வரை வெயில் படாமல் நானே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரேஸ் அன்று காலை, ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிறவர்கள் எங்கள் டயரைப் பார்த்து விரலால் தட்டிவிட்டு, இது ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். வழுக்கைதான், மறுக்கவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்ததில் டயரை மறந்திருந்தோம். பாய் அலைந்தார். ஒரு எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் புது டயர் தர முன்வந்தார்கள். பதிலுக்கு இரண்டு கதவிலும் அவர்கள் ஸ்டிக்கர். கதவு அளவுக்குப் பெரியது. நான் குறுக்கே நின்றேன். அந்த எஞ்சினுக்குள் அவர்கள் எண்ணெயைக் கலக்கவில்லை, விளக்கெண்ணெய் என்றேன். அவர்களுக்கு அது காதில் விழவில்லை. பாய் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"டயர் இல்லாட்டி இவ்ளோ நாள் பட்டதெல்லாம் வேஸ்ட்டு மேஸ்திரி. உன் பேரு கீழதான இருக்குது? அது எங்க பூடப்போவுது? ரேஸ் முடிஞ்சதும் நானே உரிக்கறேன்."

நான் நகர்ந்துகொண்டேன். அவர்கள் துணியால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார்கள். ஓரத்தில் மஞ்சள் கூடத் தெரியவில்லை.

ஓட்டம் முழுக்க ஒரு இடத்தில் நிற்கவில்லை. சவுக்குக் கட்டை வேலியோரமாகவே நடந்தேன், வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். மற்ற கார்கள் உறுமும். இது தேனீ மாதிரி ஒரே இழுப்பாக இரையும். இரைச்சல் தூரத்தில் மறையும் ஒவ்வொரு முறையும், நின்றே போய்விட்டதோ என்று தோன்றும். மறுபடி கேட்கும்போதுதான் கால் நகரும். எங்களுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகள் சூடேறிப் புல்லில் ஒதுங்கின. பாய் இரண்டாவதாக வந்தார். இறங்கியவரை ஆட்கள் தோளில் தூக்கினார்கள். நான் போய் பிளக்கைக் கழற்றிக் காதை வைத்தேன். சூட்டில் காது மடல் கொப்பளித்தது. புஸ், புஸ், புஸ். குறையில்லை. எனக்குக் கோப்பை அதுதான்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கதவும் ஸ்டிக்கரும் பளிச்சென்று தெரிந்தன. பாய் உரிக்கத்தான் இருந்தார், ஆனால் கம்பெனிக்காரர்கள் அடுத்த ரேஸுக்கும் டயர் தருவதாகச் சொன்னதால் தள்ளிப் போட்டார். பிறகு வீட்டுக் கஷ்டத்தில் காரை மெட்ராஸ்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி வளைகுடாவுக்குப் போனார். போகும்முன் ஷெட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் இல்லை. அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

போன மாதம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். சென்னையில் பழைய கார்க் கண்காட்சி. அதே சிவப்பு, அதே ஸ்டிக்கர், அந்தக் காலத்து அசல் என்று மேலே வார்னிஷ் பூசிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. மகள் படித்துச் சொன்னாள். எண்ணெய்க் கம்பெனியின் பெயர் இருக்கிறதாம், எஞ்சினை மெட்ராஸ் ஷெட் ஒன்று தயார் செய்ததாக இருக்கிறதாம். எந்த ஷெட்? பானெட்டை மூடியவர்களா? அன்றிலிருந்து எனக்கு மறுபடி சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடக்கிறேன்.

ஆகவே, அந்தக் காரை இப்போது வைத்திருப்பவருக்குச் சொல்கிறேன். அந்த ஸ்டிக்கரை உரியுங்கள். கத்தி போடாதீர்கள். ஓரத்து வார்னிஷை நகத்தால் சுரண்டிவிட்டு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் விடுங்கள், பசை இளகும், மெதுவாக இழுத்தால் வந்துவிடும். ஸ்பிரிட்டை மட்டும் தொடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். கீழே மஞ்சளில் இருப்பதைப் படியுங்கள். பிறகு பலகையை மாற்றி எழுதுங்கள். சுண்ணாம்பு யோசனை மரக்காணத்துப் பெண் ஒருத்தியுடையது, அதையும் எழுதுங்கள். ஓட்டியது கோட்டக்குப்பத்து பாய், அதையும் எழுதுங்கள். டயர் கொடுத்தது கம்பெனி, அவர்களுக்கு உரியதையும் கொடுங்கள். ஸ்பிரிட் கலந்தது, எண்ணெய் கண்டது, எஞ்சினைக் காப்பாற்றியது திண்டிவனத்து ஷெட். அது கதவில் உள்ளபடியே, தமிழிலேயே இருக்கட்டும்.